சிடியில் கிடக்கும் தமிழ்ப் புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை செய்கிறவன். பதிப்பகங்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இப்போது கைக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் மறுபதிப்புதான். 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருளில் செய்த புத்தகத்தின் ஃபைலை எடுத்து, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, இப்போது பக்கம் கட்டப் பயன்படுத்தும் இன்டிசைன் மென்பொருளில் போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "அதான் கன்வர்ட்டர் இருக்கே, போட்டு எடுத்துட வேண்டியதுதானே?" பழைய ஃபான்ட்டில் அடித்ததை யூனிகோடாக மாற்றும் கன்வர்ட்டர் இருப்பது உண்மை. ஆனால் கன்வர்ட்டரில் போட்டு எடுத்ததை ஒரு ஆள் உட்கார்ந்து படித்துப் பார்க்காமல் அப்படியே அச்சுக்கும் மின்னூலுக்கும் அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. நல்ல புத்தகங்கள் இப்படி நம் கண் முன்னாலேயே கெட்டுக்கொண்டிருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து பேஜ்மேக்கர் ஃபைலுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்துகளின் எண்கள் மட்டும்தான் தெரியும், ஃபான்ட் செய்தவர்கள் அந்த எண்களின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினி ஃபான்ட்டில் அடித்த 'அம்மா'வை ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எம், கே, செமிகோலன், கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் வரும். வானவில் ஃபான்ட்டில் அடித்திருந்தால் வேறு குறிகள். ஸ்ரீலிபியில் இன்னும் வேறு. ஒவ்வொரு ஃபான்ட் நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கியது, அதிலும் சிலருடைய ஃபான்ட்களில் பதிப்புக்குப் பதிப்பு அடுக்கு மாறும். எந்த ஃபான்ட்டில் அடித்தது என்று தெரியாவிட்டால் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இதை ஒழுங்குபடுத்த யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைகளையும், தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே பேசிப் பேசி டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை அடித்து ஏற்றி, அவற்றை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் கொண்டுவந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. ஆனால் அச்சகமும் பதிப்பகமும் அந்தப் பக்கம் லேசில் திரும்பவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது, பக்கம் கட்டுகிற மென்பொருளில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரவில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்துபோய் நிற்கும். 2012-ல் வந்த இன்டிசைன் சிஎஸ்6-ல்தான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு நேரடியாக வழி செய்தார்கள்.

அதே சிஎஸ்6-தான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல், 2004-ல் அதன் வளர்ச்சியையே அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது. சிஎஸ்6-க்குப் பிறகு மாதச் சந்தாவுக்கு வந்த இன்டிசைன்கள் பேஜ்மேக்கர் ஃபைலைத் தொடுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அந்த ஃபைலைத் திறக்கிறது, அதைச் செய்து கொடுத்தவர்களுக்குக் கோடி புண்ணியம். பக்க அமைப்பு கலைந்துதான் வரும், ஆனாலும் உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துவிடலாம்.

சரி, எழுத்தை எடுத்தாயிற்று, கன்வர்ட்டரில் போட்டாயிற்று. அப்புறம் என்ன ஆகிறது என்று ஒரு புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன். கொங்குப் பேச்சுவழக்கில் எழுதிய சிறுகதைத் தொகுப்பு ஒன்று என்னிடம் மறுபதிப்புக்கு வந்தது. எழுத்தாளர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் சிடியையும் முதல் பதிப்புப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். இதற்கு முன்பே வேறொரு இடத்தில் அந்த ஃபைலை மாற்றி மின்னூலாக விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். அதை வாங்கித் திறந்து முதல் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கதையில் "கெளம்பு" என்று இருக்கும் இடமெல்லாம் "கௌம்பு". "வெளக்குமாறு" எல்லாம் "வௌக்குமாறு". "வெளயாட்டு" எல்லாம் "வௌயாட்டு". புத்தகம் முழுக்க இப்படி. புதிதாக வாங்கிப் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? எழுதியவருக்கு எழுத்துப்பிழை என்றா, இல்லை அந்த ஊரில் அப்படித்தான் பேசுவார்கள் என்றா? தன் ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த மனிதரின் எழுத்து அது. தட்டிக் கேட்க அவரும் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்றால், பழைய ஃபான்ட்களில் 'கௌ' என்பதை அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அடுத்து ள. 'கெள' என்று அடிக்கவும் அதே மூன்று விசைகள்தான். அச்சில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை, அதனால் அன்றைக்கு அதில் பிரச்சினையும் இல்லை. யூனிகோடில் இரண்டும் வேறு வேறு. கன்வர்ட்டர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மோசமான கன்வர்ட்டர் எல்லாவற்றையும் ஔகாரமாக்கும், அதில் போட்டால் "வெளி" என்பது "வௌி" ஆகும், "ஒளி" என்பது "ஔி" ஆகும், பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். நல்ல கன்வர்ட்டர் ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ சுழியோ வந்தால் அதை விட்டுவிடும், வெறும் ளகரமாக இருந்தால் மட்டும் ஔகாரம் என்று எடுத்துக்கொள்ளும். "மெளனம்", "கெளரவம்" என்று கிடப்பதெல்லாம் ஒழுங்காக "மௌனம்", "கௌரவம்" ஆகிவிடும். எழுத்துத் தமிழுக்கு இந்த விதி அநேகமாகப் போதும். வட்டார வழக்கில் எழுதியவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கரிசலோ கொங்கோ, "கெளம்பு" வராத கதை எத்தனை இருக்கும்?

அடுத்தது ரகரம். டைப்ரைட்டரில் பழகி வந்தவர்கள் பலர் 'ர்' என்பதற்குத் துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்துவிடுவார்கள், தாளில் ஒன்றும் தெரியாது. அதை அப்படியே மாற்றும்போது "அவர்கள்" என்பது "அவா்கள்" ஆகிறது. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும், உள்ளே ஒன்று ரகரம், மற்றது கால். இதைவிட மோசம், முன்னால் இரட்டைக்கொம்பு இருந்தால் கன்வர்ட்டர் கொம்பையும் காலையும் சேர்த்து ஓகாரமாக்கிவிடும். "தேர்தல்" என்பது "தோ்தல்" என்றும், "சேர்ந்த" என்பது "சோ்ந்த" என்றும், "நேரில்" என்பது "நோில்" என்றும் உள்ளே பதிவாகும். அரசு அறிவிப்புகளில் இது இருக்கிறது, சில நாளிதழ்களின் இணையப் பக்கங்களில் தினம் தினம் இருக்கிறது. "தேர்தல்" என்று தேடினால் அந்தச் செய்தி வராது. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் யாரும் புகார் சொல்வதும் இல்லை.

ஆனால் கண்ணால் படிக்க முடியாதவர்கள் இருக்கிறார்களே. பார்வையற்ற மாணவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்துத்தான் படிக்கிறார்கள், அது இலவச மென்பொருள், தமிழையும் வாசிக்கும். அதற்குப் பழைய ஃபான்ட்டில் அடித்த வேர்ட் ஃபைலைக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிச் சொல்லும். சரியாக மாற்றாத யூனிகோடைக் கொடுத்தால் "தேர்தல்" வரவேண்டிய இடத்தில் "தோ" என்று ஆரம்பிக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எத்தனை முறை திருப்பித் திருப்பிக் கேட்டு ஊகிக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பிடிஎஃப் இருக்கிறதே, அதிலிருந்து வேர்டுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். பிடிஎஃப் என்பது பக்கத்தை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி காட்டுவதற்கென்றே செய்தது. எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியம், அந்த வடிவம் எந்த எழுத்து என்ற குறிப்பு கூடவே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பேஜ்மேக்கரிலிருந்து எடுத்த தமிழ் பிடிஎஃபில் அது இருக்காது, காப்பி செய்தால் பழைய ஆங்கிலக் குறிகள்தான் வரும். யூனிகோடில் செய்த பிடிஎஃபிலேயே "பொருள்" என்பதைக் காப்பி செய்து ஒட்டினால் "ெபாருள்" என்று கொம்பு முன்னால் வந்து விழுகிறது பல சமயம். இதற்காக இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு இலவச மாற்றியில் பத்திரம், பட்டா, உயில் என்று எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள். அந்த ஃபைல் யாருடைய கம்ப்யூட்டரில் போய் உட்காருகிறது என்று கேட்பதே இல்லை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நல்ல கருவிகள் இல்லாமல் இல்லை. நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் எங்கள் தொழிலில் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தது, அதுவும் இலவசமாக. சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றி இல்லாவிட்டால் பாமினியில் அடித்த ஈழத்து எழுத்தும் புலம்பெயர்ந்தவர்களின் எழுத்தும் இவ்வளவு சீக்கிரம் இணையத்துக்கு வந்திருக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் மாற்றி ஒன்றை இலவசமாகத் தருகிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பழைய குறியீடுகள் பலவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. இவர்கள் யாரும் இதில் காசு பார்க்கவில்லை. இந்தக் கருவிகள் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும். மீதிக்கு மனிதர் வேண்டும், அந்த மனிதருக்குக் கூலி கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. லே அவுட்டுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள், அட்டைக்குத் தனியாகத் தருகிறார்கள், புரூஃப் என்று சொன்னால் "பழைய புத்தகம்தானே, ஏற்கெனவே பார்த்ததுதானே" என்று முடித்துவிடுகிறார்கள். ஏற்கெனவே பார்த்தது பழைய ஃபைலை. கன்வர்ட் ஆன பிறகு அது வேறு ஃபைல்.

எழுத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. தலைப்புக்கு ஒரு ஃபான்ட், உள்ளடக்கத்துக்கு ஒரு ஃபான்ட் வைத்திருப்பார்கள், மொத்தமாக ஒரே மாற்றில் போட்டால் தலைப்பெல்லாம் குப்பையாகும். பாமினி மாதிரி ஃபான்ட்டில் அடித்த கட்டுரைக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும். சாய்வெழுத்தும் தடித்த எழுத்தும் வழியிலேயே தொலையும், கவிதையில் வரி உடைந்த இடம் போய்விடும். அந்தக் காலத்தில் வரியை நிரப்ப ஆபரேட்டர்கள் கையாலேயே சொல்லை உடைத்து இணைப்புக்கோடு போட்டுவைத்தார்கள், புதுப் பக்க அளவில் அந்தக் கோடெல்லாம் வரி நடுவில் வந்து நிற்கும்.

இந்த வேலை செய்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு, வேறு யாருக்கும் இது பயன்படாது என்றாலும் அச்சில் இருக்கட்டும். மாற்றி முடித்ததும் காலுக்குப் பின் புள்ளி வரும் இடங்களைத் தேடுங்கள். அப்படி ஒரு சேர்க்கை தமிழில் கிடையவே கிடையாது, யோசிக்காமல் 'ர்' என்று மாற்றலாம். காலுக்குப் பின் சுழி வந்தால் 'ரி' அல்லது 'ரீ'. ஓகாரத்துக்குப் பின் புள்ளியோ சுழியோ வந்தால் அதை ஏகாரமும் ரகரமுமாகப் பிரியுங்கள், ஒகரத்துக்குப் பின் வந்தால் எகரமும் ரகரமும். கடைசியாக ஔகாரக் குறியைத் தேடி ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அதை மட்டும் மொத்தமாக மாற்றக் கூடாது. ஒரு புத்தகத்தில் அவை அதிகம் இருக்காது, ஒரு மத்தியானம் போதும்.

அவசரமாக எழுதக் காரணம், இந்த ஃபைல்கள் இருக்கும் இடம். சிடியும் பழைய ஹார்ட் டிஸ்க்கும்தான். சிடியின் மேல்பூச்சு நம் ஊர்ப் புழுக்கத்தில் உரிந்துபோகிறது, புதுக் கம்ப்யூட்டரில் சிடி போடவே இடமில்லை. சில ஃபான்ட் மென்பொருள்கள் பிரிண்டர் ஒயர் சொருகும் இடத்தில் சொருகுகிற ஒரு பூட்டோடு வந்தன, அந்தப் பூட்டு இருந்தால்தான் திறக்கும், அந்தச் சொருகுமிடம் இருக்கிற கம்ப்யூட்டர் இப்போது எங்கே? திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைச் சந்துகளில் டிடிபி சென்டர் வைத்திருந்த பலர் கடையை மூடிவிட்டார்கள். எந்தப் பதிப்பகத்துக்கு எந்த ஃபான்ட் போட்டோம் என்பது அவர்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் எழுத்தாளர்களிடம் முதல் வேண்டுகோள். புத்தகம் வந்ததும் பதிப்பாளரிடம் உங்கள் பிரதிகளோடு இறுதிப் பக்கத்தின் யூனிகோட் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள், பிடிஎஃப் மட்டும் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். நீங்கள் எழுதிக் கொடுத்த வேர்ட் ஃபைல் போதாது, புரூஃபில் திருத்தியதெல்லாம் அதில் இருக்காது. பதிப்பாளர்கள் மறுபதிப்புக்குச் செலவுக் கணக்குப் போடும்போது முதல் பதிப்போடு வரிக்கு வரி ஒப்பிட ஒருவருக்குக் கூலி எழுதுங்கள். மின்னூலுக்கும் அந்த ஃபைலே உதவும், இரண்டு முறை செலவழிக்க வேண்டாம்.

அரசிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு புத்தகமும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். தாளுக்கு அந்த ஏற்பாடு இருக்கிறது, ஃபைலுக்கு எதுவும் இல்லை. நூலகத்துறை வாங்கும் புத்தகங்களுக்காவது யூனிகோட் ஃபைல் ஒன்றையும் சேர்த்து வாங்கிப் பூட்டி வைக்கட்டும். விற்பனை கெடும் என்று பதிப்பாளர்கள் பயப்படுவார்கள், அது நியாயமான பயம், காப்புரிமைக் காலம் முடியும்வரை வெளியே விட வேண்டாம், பார்வையற்ற வாசகர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு இந்தத் தடையும் இல்லை. அவற்றில் பல பிடிஎஃபாகப் பொதுவில் கிடைக்கின்றன, ஆனால் பக்கத்தைப் படம் பிடித்து வைத்தவை, உள்ளே தேட முடியாது. அவற்றில் பேஜ்மேக்கர் காலத்தில் அச்சானவற்றின் ஃபைல் பதிப்பகங்களிடம் இன்னும் இருக்கலாம், கூலி கொடுத்து வாங்கி மாற்றினால் மறுபடி முழுக்க அடிக்கிற செலவு மிச்சம்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை உண்டு, கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். உங்கள் இணையதளத்தின் தேடுபெட்டியில் "தேர்தல்" என்று ஒரு முறை அடித்துப் பாருங்கள், பிறகு துணைக்காலும் புள்ளியுமாக வருகிற அந்த "தோ்தல்" என்று அடித்துப் பாருங்கள். இரண்டாவதிலும் செய்திகள் வந்தால் உங்கள் ஆபரேட்டர்கள் அடிக்கும் இடத்திலேயோ ஃபைல் மாறும் இடத்திலேயோ கோளாறு இருக்கிறது என்று பொருள். கன்வர்ட்டரில் நான்கைந்து விதிகளைச் சேர்த்தால் இனி வருபவை சரியாகிவிடும், பழையவற்றையும் சர்வரில் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். யூனிகோடுக்கு முந்தைய ஆண்டுகளின் பக்கங்கள் உங்கள் அலுவலகத்தில் எந்த ஃபான்ட்டில், எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்பதையும் யாரையாவது விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் இந்த மாதத்திலேயே.

இப்படிக்கு,
டிடிபி தொழிலாளி ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.